11 நாள் கணக்கு: காப்பர்-டி எடுக்கப்பட்ட ஒரு நிகழ்வு

எங்கள் குடும்பநலப் பதிவேட்டில், கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியை எடுத்தவர்களுக்கென்று தனிப் பக்கங்கள் உண்டு. கடைசிக் கட்டத்தில் 'காரணம்' என்று போட்டிருக்கும். பாண்டீஸ்வரியின் வரிசையில் அந்தக் கட்டத்தில் என் கையெழுத்தில் 'உதிரப்போக்கு' என்று இருக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் எழுதி மூன்று வாரம் கழித்து அவரே உட்கார்ந்து பேசியதைக் கேட்டபோது, நான் பாதியைக்கூட எழுதவில்லை என்று தெரிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பாண்டீஸ்வரி அவருடைய உண்மைப் பெயர் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "என் பேரு வராம எழுதுங்க, எங்க வீட்டுக்காரர் செல்லுல எல்லாத்தையும் படிப்பாரு" என்றார்.

வந்த அன்று

நான் வேலை பார்ப்பது உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். ஒரு திங்கட்கிழமை, வெளிநோயாளிகள் கூட்டம் அதிகமான நேரத்தில் வந்தார். வயது 26. இரண்டும் சுகப்பிரசவம். மூத்தவள் நான்கு வயதுப் பெண், இளையவன் அன்றைக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. கணவர் ஆந்திராவில் ஒரு முறுக்குக் கம்பெனியில் இருக்கிறார். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேராவது அப்படி வெளி மாநிலத்தில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவர்கள்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து நான்கைந்து நாள் இருந்துவிட்டுப் போவார். பாண்டீஸ்வரி உதிரி மல்லிகையை வீட்டில் வைத்துத் தொடுத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறார். மாமியார் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்.

நாற்காலியில் உட்காருமுன்பே, "இந்தக் காப்பர்-டிய எடுத்து விட்ருங்க டாக்டரம்மா. ரொம்பப் படுது" என்றார்.

பிரசவம் வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்திருந்தது. நஞ்சு விழுந்த கையோடு காப்பர்-டி 380ஏ வைத்திருக்கிறார்கள். அட்டையில் முத்திரை இருந்தது. உன்னிடம் கேட்டார்களா என்றேன். "கேட்டாக. அந்த வலியில என்ன கேட்டாலும் சரினுதான சொல்லுவோம்."

இந்தப் பேச்சைக் கர்ப்ப காலப் பரிசோதனைகளின்போதே பேசி முடித்துவிட வேண்டும், வலி எடுத்த பிறகு முதன்முதலாகக் கேட்கக் கூடாது என்பதுதான் முறை. அந்த ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல ஆரம்பித்தேன், அப்புறம் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கர்ப்ப காலம் முழுக்க மாதாமாதம் அவர் வந்தது எங்கள் நிலையத்துக்குத்தான். எடை, ரத்த அழுத்தம், ஊசி, மாத்திரை எல்லாம் வரிசையாகக் குறித்திருக்கிறது. காப்பர்-டி பற்றி ஒரு வரி இல்லை.

அன்று அவர் காதில் விழுந்தது 'பத்து வருஷத்துக்கு' என்ற ஒன்றுதான். 380ஏ பத்து வருடம் வரை வேலை செய்யும் என்பது சரி. பாண்டீஸ்வரி அதை, பத்து வருடம் முடியாமல் எடுக்க விடமாட்டார்கள் என்று புரிந்துகொண்டிருந்தார். எந்த நாளில் கேட்டாலும் எடுத்துவிடலாம், நூலைப் பிடித்து மெல்ல இழுத்தால் ஒரு நிமிட வேலை, எடுத்த அடுத்த மாதமே கருத்தரிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

பரிசோதனையில்

மாதவிடாய் பிரசவமாகி நான்காம் மாதம் திரும்பியிருந்தது. அதிகமாகப் படுகிற நாட்களில் மூன்று நாப்கின், கட்டி இல்லை. முன்பைவிட அதிகம்தான், ஆனால் ஆபத்தான அளவு இல்லை. வெள்ளைப்படுதல், காய்ச்சல், அடிவயிற்றில் அழுத்தினால் வலி எதுவும் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை. ஹீமோகுளோபின் 9.4. பிரசவத்துக்கு முன்பே அது பத்துக்குக் கீழேதான் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் வாந்தி வருகிறது என்று பாதியில் விட்டிருந்தார். ஸ்கேனில் காப்பர்-டி இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்தது.

கருப்பை வாயைப் பார்த்தபோது நூல் நீளமாக வெளியே வந்து கிடந்தது. பிரசவத்தோடு வைக்கும்போது நூல் முதலில் உள்ளேயே சுருண்டு கிடக்கும். கருப்பை சுருங்கச் சுருங்கக் கீழே இறங்கும். ஆறாவது வாரம் வரச்சொல்லிப் பார்த்து, நீளமாக இருந்தால் நறுக்கிவிடுவார்கள். பாண்டீஸ்வரி அதற்குப் போகவில்லை. குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டிருக்கிறது. மெல்லிய தூண்டில் நரம்பு போல வழுக்குகிற ஒன்று. "உள்ள இருக்குற நரம்புதான் இறங்கிருச்சுன்னு நெனச்சேன். யார்ட்டச் சொல்ல?" மூன்று மாதம் அந்தப் பயத்தோடு இருந்திருக்கிறார். அதே ஆறாவது வாரம் குழந்தைக்கு ஊசி போட வந்தார், பத்தாவது வாரம் வந்தார், பதினான்காவது வாரமும் வந்தார். குழந்தையின் தொடையைப் பிடித்து ஊசி போட்டு அனுப்பினோம். தூக்கி வந்தவளைக் கேட்கவில்லை.

நான் செய்தது

நூலை நறுக்கினேன். படுகிற நாட்களில் மட்டும் சாப்பிட டிரானெக்சாமிக் அமிலமும் மெஃபனாமிக் அமிலமும் எழுதினேன். செம்பு கருப்பையின் உட்சவ்வை உறுத்துவதால் அங்கே வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கூடுகிறது, உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைகிறது. அதனால்தான் தீட்டு கூடுகிறது, வலியும் வருகிறது. முதல் மாத்திரை அந்தக் கரைதலைத் தடுக்கும், இரண்டாவது புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும். இரும்புச்சத்து மாத்திரையை இரவில் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடச் சொன்னேன். மூன்று முதல் ஆறு மாதத்தில் உடம்புக்குப் பழகிவிடும், இன்னும் இரண்டு மாதவிடாய் பார்ப்போம், அப்போதும் முடியவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்றேன். பாடப்புத்தகத்தில் உள்ளபடி எல்லாம் சரி.

"சரிங்க" என்று எழுந்து போனார். அந்தச் 'சரிங்க'வை இப்போது எனக்குத் தெரியும். அதற்கு 'நீங்க எடுக்கமாட்டீங்க போல' என்று அர்த்தம்.

ஒரு மாதம் கழித்து எங்கள் கிராம சுகாதார செவிலியர் சொன்னார்: டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் எழுநூறு ரூபாய் கொடுத்து எடுத்துவிட்டாளாம். நான் பதிவேட்டை எடுத்து, தேதி போட்டு, 'உதிரப்போக்கு' என்று எழுதினேன். எடுத்துத் தாருங்கள் என்று ஒரு பெண் வாய்விட்டுக் கேட்கும்போது, ஏன் என்று விசாரிக்கலாம், மருந்து கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். நான் அன்று அவரை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துப் பேரம் பேசி அனுப்பியிருக்கிறேன்.

காலண்டர்

ஒன்பதாம் மாதம், தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு ஒரு புதன்கிழமை வந்தார். கூட்டம் கலைந்த பிறகு உட்கார வைத்தேன். சங்கடப்பட்டார், திட்டுவேன் என்று நினைத்திருப்பார். நான் எதுவும் சொல்லாமல், "எவ்வளவு படுதுன்னு அன்னைக்குக் கேட்டேன். எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

செல்போனை எடுத்து ஒரு படம் காட்டினார். நகைக்கடை இலவசமாகக் கொடுக்கும் மாதக் காலண்டர், சுவரில் தொங்குகிறது. நான்கு தேதிகளைச் சுற்றி நீலப் பேனாவில் வட்டம். மாதாமாதம் இதைப் படம் பிடித்துக் கணவருக்கு அனுப்புவாராம். அதைப் பார்த்துத்தான் அவர் அடுத்த மாதக் கணக்குப் போட்டு லீவு கேட்பார். அந்த வீட்டில் தீட்டு நாட்களில் சமையலறைக்குள் வரக் கூடாது. பின்பக்கத் தாழ்வாரத்தில் தனிப் பாய், தனித் தட்டு. முதல் பொட்டு பட்டதிலிருந்து, கடைசிக் கறை நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை. டி. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் சில ஊர்களில் இதற்கென்று ஊருக்கு வெளியே முட்டுவீடே இருக்கிறது. இவர் ஊரில் அது இல்லை, தாழ்வாரத்தோடு சரி.

காப்பர்-டிக்கு முன்னால் நான்கு நாள். ஐந்தாம் நாள் குளித்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். காப்பர்-டிக்கு அப்புறம் எடுத்த படங்களில் வட்டங்கள் பெருகியிருந்தன. முதலில் இரண்டு நாள் பொட்டுப் பொட்டாக. அப்புறம் ஆறு நாள். அப்புறம் மூன்று நாள் பழுப்பு நிறக் கறை. 11 நாள். நான் நாப்கினை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பழுப்புக் கறைக்கு நாப்கினே வேண்டியதில்லை, நான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர் வீட்டில் அதுவும் ஒரு முழு நாள்.

"ரெண்டு தடவ அவரு வந்தாரு. ரெண்டு தடவையும் நான் வெளியில" என்றார்.

அந்த நாட்களில் பூவைத் தொட மாட்டார், அது கோயிலுக்கும் போகிற பூ. மாதத்தில் 11 நாள் கூலி இல்லை. சமையல், மூத்தவளைக் கிளப்பி அனுப்புவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் மாமியார் தலையில். அவர் நூறு நாள் வேலைக்குப் போக முடியாமல் நின்றிருக்கிறார். கைக்குழந்தை தாயோடு தாழ்வாரத்தில் இருக்கலாம், ஆனால் மாமியார் அவனைத் தூக்க வேண்டுமானால் தண்ணீர் ஊற்றித்தான் தூக்குவார். பிறந்து ஐந்தாறு மாதப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றுவது? "எங்க அத்தைதான் எடுத்துரச் சொன்னாக. நானாச் சொல்லல" என்றார். மாமியார் எதிர்ப்பு என்று கேள்விப்பட்டால் நாங்கள் உடனே 'இன்னொரு பேரன் கேட்கிறாள் போல' என்று முடிவு கட்டிவிடுவோம். இந்த அம்மாளுக்குப் பேரன் ஆசை எதுவும் இல்லை. இடுப்பு வலியோடு 11 நாள் அடுப்படியில் நிற்க முடியவில்லை.

காப்பர்-டி எடுத்தது பற்றி இதற்கு முன் நான் விசாரித்ததெல்லாம் மேலோட்டம்தான். நூல் குத்துகிறது என்று கணவர் சொன்னதால் எடுத்தவர் உண்டு, அடுத்த பிள்ளை வேண்டி எடுத்தவர் உண்டு, தானாக வெளியே விழுந்தது தெரியாமலே இருந்தவர் உண்டு. பிரசவத்தோடு வைப்பதில் இப்படி வெளியே வருவது சற்று அதிகம். உடம்பு சூடு, சத்து போய்விடும், நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பதையெல்லாம் அறியாமை என்று தள்ளிவிடுவோம். இந்தப் பேச்சுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. 1965இல் லிப்பஸ் லூப் என்ற பழைய பிளாஸ்டிக் கருப்பைச் சாதனம் நாடு முழுக்க வந்தபோது லட்சக்கணக்கில் வைத்தார்கள். உதிரப்போக்கு வந்தவர்களைத் திரும்பப் பார்க்க ஆளில்லை. சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டம் சரிந்தது. இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பாட்டிகள் காப்பர்-டியை 'லூப்பு' என்றுதான் சொல்கிறார்கள், சொல்லும்போதே முகம் சுளிக்கிறார்கள்.

பாண்டீஸ்வரிக்குப் பிறகு பழைய சிலரை நினைத்துப் பார்த்தேன். மதுரை நகருக்குள் வேலை பார்த்தபோது ஒரு முஸ்லிம் பெண், ரம்ஜானுக்கு முந்தின மாதம் வந்து எடுத்துவிடுங்கள் என்று நின்றார். நோன்பும் தொழுகையும் எத்தனை நாள் போகும் என்று அவரும் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். அன்று எனக்கு அது உறைக்கவில்லை. இங்கே பங்குனி, சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் மெடிக்கலில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் பெண்களின் நாள் கணக்கு என்னைவிட மருந்துக்கடைத் தம்பிக்கு நன்றாகத் தெரியும்.

இந்தத் தீட்டுப் பழக்கத்தை நான் ஆதரித்து எழுதவில்லை. அது ஒழிய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அது ஒழிகிற வரைக்கும் தாழ்வாரத்தில் போய் உட்காரப் போவது பாண்டீஸ்வரி. நான் வீட்டுக்குப் போய் என் சமையலறையில் காபி போட்டுக் குடிப்பேன்.

அடுத்து என்ன

முறையை மாற்றும்போது எல்லாவற்றையும் அந்தக் காலண்டரை வைத்துத்தான் பேசினோம். அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இலவசம். ஆனால் முதல் சில மாதம் எப்போது படும் என்று சொல்ல முடியாது, விட்டுவிட்டுப் படலாம். ஒரு வருடம் போனால் பாதிப் பேருக்கு மாதவிடாயே நின்றுவிடும். முதலில் சொன்னது தாழ்வாரத்தை நீட்டும். இரண்டாவது வேறு வம்பு. "குளிக்கலேன்னா முழுகாம இருக்கேன்னு ஊரே பேசும், அவரு வேற ஊர்ல இல்ல" என்று சிரித்தார். ஊசியைப் போட்டபின் எடுக்கவும் முடியாது. ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் தீட்டின் அளவை நன்றாகக் குறைக்கும், இருந்தாலும் முதல் மாதங்களில் அங்கேயும் பொட்டுக் கறைதான். விலையும் கைக்கு எட்டாது. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி மாமியார் கேட்டிருக்கிறார். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கறையும் இல்லை, கணக்கும் இல்லை, ஒரு முறையோடு முடிந்தது. நம் பெண்கள் ஏன் காப்பர்-டியைத் தாண்டி நேரே அங்கே போகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். பாண்டீஸ்வரி, "பையன் நடக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

கடைசியில் சாயா என்ற கருத்தடை மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தது, ஹார்மோன் இல்லாதது, பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. தீட்டைக் கூட்டாது, குறைக்கவே செய்யும். சிலருக்குத் தள்ளிப் போகும், அதை முன்கூட்டியே இரண்டு தடவை சொன்னேன். 15 நாளுக்கு மேல் தள்ளினால் வந்து பரிசோதனை செய்ய வேண்டும். அடுத்த மாதவிடாயின் முதல் நாளில் ஆரம்பிக்கச் சொல்லி, அதுவரைக்கும் கணவர் வந்தால் இருக்கட்டும் என்று நிரோத் ஆணுறையும் கொடுத்து அனுப்பினேன்.

காப்பர்-டி வைத்தால் ஒரு வருடத்தில் நூறில் ஒருவருக்குக்கூடக் கர்ப்பம் ஆகாது, ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய எதுவும் இல்லை. சாயாவை ஞாபகமாகப் போட வேண்டும். மருத்துவ ரீதியாகப் பார்த்தால் நாங்கள் ஒரு படி கீழேதான் இறங்கியிருக்கிறோம், அதை மறைக்கவில்லை, அவரிடமும் சொன்னேன்.

போன மாதம் பையனுக்கு 16 மாத ஊசி. ஏழு மாதமாக மாத்திரை தவறவில்லை. காலண்டரில் மாத்திரை நாளுக்குச் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு. ஒரு தடவை 12 நாள் தள்ளிப் போயிருக்கிறது. மாமியார் ஒரு மாதிரியாகப் பார்த்தாராம், செவிலியர் வீட்டுக்கே போய்ப் பரிசோதனை செய்து காட்டிவிட்டு வந்திருக்கிறார். ஹீமோகுளோபின் 11.1. நான்கு நாள், சில மாதம் மூன்று.

மாமியாரும் கூட வந்திருந்தார். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு பாண்டீஸ்வரி அட்டையில் கையெழுத்து வாங்க நின்றபோது கேட்டேன்: இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருந்தால், அந்தக் காப்பர்-டியை வைத்திருப்பாயா?

யோசித்தார். "ஆறு மாசத்துக்கு இப்படித்தான் இருக்கும்னு சொல்லியிருந்தா, அவர அந்த ஆறு மாசம் வராதீக, காச மட்டும் அனுப்புங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றார். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.